நான்கு பேர் சேர்ந்து கம்பனி பதிய எந்த ஆவணங்கள் தேவை?

கேள்வி (தலவாக்கலை)
வணக்கம். நானும் மச்சானும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து கரட், லீக்ஸ் வாங்கிக் கழுவித் தரம் பிரித்துத் தம்புள்ளைக்கு ஏற்றி வருகிறோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டுமே பதிந்திருக்கிறோம். நட்டம் வந்தால் வீடு வாசலும் போய்விடும் என்ற பயத்தில், தனியார் கம்பனியாக மாற நினைக்கிறோம். தரகர் ஒருவர் கையெழுத்து மட்டும் வைத்தால் போதும் என்கிறார். நாங்கள் எதையெல்லாம் வாசித்துப் பார்க்க வேண்டும்?

பதில் 1 (ஹட்டன்)
கம்பனிச் செயலாளராக வேலை செய்கிறேன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, முதலில் பெயருக்கு அனுமதி பெற்று, பிறகு பதிவு விண்ணப்பமான படிவம் 1, ஒவ்வொரு பணிப்பாளரின் சம்மதமான படிவம் 18, செயலாளரின் சம்மதமான படிவம் 19, கம்பனியை எப்படி நடத்துவது என்று கூறும், ஆர்ட்டிகிள்ஸ் என்று நாங்கள் சொல்லும் அமைப்பு விதிகள் ஆகியவற்றைக் கம்பனிப் பதிவாளருக்கு இணையவழியில் அனுப்ப வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த மெமொரண்டம் என்ற தனி அமைப்பு ஆவணம் இப்போது தேவையில்லை. பதிவான பிறகு, 30 வேலை நாட்களுக்குள் கம்பனி உருவானதை வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படிவங்களைத் தரகர் நிரப்பட்டும், ஆனால் அமைப்பு விதிகளை நீங்கள் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிவரியாக வாசிக்க வேண்டும். எதுவும் எழுதாவிட்டால் சட்டத்தின் முதலாம் அட்டவணையிலுள்ள மாதிரி விதிகளே பொருந்தும். அவை உங்கள் நால்வரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. சமபங்கு என்றால் இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் நின்று எதுவும் முடிவாகாமல் போகலாம். விதிகளை மாற்றும் விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்கு போதும் என்பதால், மூவர் சேர்ந்து நான்காமவருக்குப் பாதகமாகவும் மாற்றிவிடலாம். இதற்காகத்தான் பங்குதாரர் உடன்படிக்கை ஒன்றைத் தனியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்னொன்று: லொறிக்கு வங்கி கடன் தரும்போது, பணிப்பாளர்களின் சொந்தப் பிணையையும் கேட்பது வழக்கம். பிணைக் கையெழுத்து வைத்தவருக்கு அந்தக் கடனில் கம்பனி என்ற பாதுகாப்பு இருக்காது.

பதில் 2 (பண்டாரவளை)
எங்கள் கம்பனியில் மூவர் இருந்தோம். ஒருவர் திடீரென இறந்தார். அவருடைய பங்கை யார், என்ன விலைக்கு வாங்குவது என்று விதிகளில் ஒரு வரிகூட இல்லை. பங்குப் பதிவேட்டைத் திறந்தால், முதல் பக்கத்தில் எங்கள் பெயர்கள் பென்சிலால் மட்டும் எழுதப்பட்டிருந்தன. பங்குச் சான்றிதழ் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. அவருடைய மனைவி கேட்ட நியாயமான கேள்விக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. இரண்டு வருடம் சட்டத்தரணியிடம் அலைந்தோம். இறப்பு, விலகல், வெளியாருக்கு விற்றல் ஆகிய மூன்றையும் இப்போதே எழுதி வையுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் அன்றே எழுதித் தலைவரின் கையெழுத்தை வாங்குங்கள். வருடாந்த அறிக்கையையும் கம்பனிப் பதிவாளருக்குத் தவறாமல் அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. தரகரிடம் அமைப்பு விதிகளின் தமிழ்ப் பிரதியைக் கேட்டிருக்கிறேன். மச்சானின் பங்கு, அவருக்குப் பிறகு அக்காவுக்கே போக வேண்டும் என்று எழுதினால் மற்ற இருவரும் சம்மதிப்பார்களா என்பதை ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம். பேசி முடிக்கும்வரை எவரும் கையெழுத்து வைக்க மாட்டோம்.