நாய் வெளியே போவதே இல்லை, உண்ணிக் காய்ச்சல் எப்படி வந்தது?

கோவில்பட்டி செல்வம்:
எங்கள் சிப்பிப்பாறை திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டது. மூக்கில் ரத்தம் கசிந்தது, ஈறெல்லாம் வெளுத்துப்போனது. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகக் குறைவு, உண்ணிக் காய்ச்சல் தரும் எர்லிக்கியா என்ற கிருமி என்றார்கள். டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை ஆரம்பித்ததும் கஞ்சி குடிக்கிறது. ஆனால் இவன் கேட்டைத் தாண்டுவதே இல்லை. வாசலில் ஒரு தெருநாய் வந்து படுக்கும், அவ்வளவுதான். உண்ணிக்கு இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? தொழுவத்து மாட்டிலும் உண்ணி இருக்கிறது, அதுதான் காரணமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

மருத்துவர் மலர் (கால்நடை):
செல்வம் சார், நாய் கஞ்சி குடிப்பது நல்ல அறிகுறி. தெம்பாகிவிட்டான் என்று மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் நாய் வெளியே போக வேண்டியதில்லை, உண்ணி உள்ளே வந்தால் போதும். நாயுண்ணி முட்டையிலிருந்து வரும்போது அதனிடம் எர்லிக்கியா இருக்காது. தாய் உண்ணிக்குத் தொற்று இருந்தாலும் அது முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதில்லை. ஆறு கால் குஞ்சு முதலில் ஒரு நாயைப் பிடித்து ரத்தம் குடிக்கும். அந்த நாய்க்கு நோய் இருந்தால் கிருமி அப்போதுதான் உண்ணியின் குடலுக்குள் போகிறது. குடித்து முடித்ததும் அது கீழே விழுந்து, சுவர் இடுக்கில் ஒளிந்து, தோலுரித்து எட்டுக் கால் இளம் உண்ணியாகும். மறுபடி ஒரு நாய், மறுபடி விழுந்து தோலுரித்தல், அதன் பிறகுதான் முதிர்ந்த உண்ணி. எத்தனை முறை தோலுரித்தாலும் உள்ளே இருக்கும் கிருமி அழிவதில்லை. குடலிலிருந்து உடலுக்குள் பரவி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து காத்திருக்கும். தொற்றுள்ள முதிர்ந்த உண்ணி ஐந்து மாதம் பட்டினி கிடந்தபின்னும் நோயைக் கடத்தியதைப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

அதாவது வாசலில் படுத்த தெருநாயிடம் குடித்துவிட்டு உதிர்ந்த இளம் உண்ணி, பல வாரம் கழித்து உங்கள் நாயைக் கடித்திருக்கலாம். ஆண் உண்ணிகள் ஒரு நாயை விட்டு இன்னொன்றுக்கு நேராகவே மாறும், அந்த வழியும் உண்டு. கடித்த சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா இறங்கிவிடும். அதனால் "ராத்திரி பார்த்துப் பிடுங்கிக்கொள்ளலாம்" என்று விடுவது பாதுகாப்பில்லை.

மாட்டை விட்டுவிடுங்கள். மாட்டில் பெரும்பாலும் இருப்பது வேறு இனம், குஞ்சிலிருந்து முதிர்ச்சி வரை ஒரே மாட்டிலேயே இருக்கும். மாடு மாறாத உண்ணி மாட்டுக் காய்ச்சலை எப்படிக் கடத்துகிறது என்ற கேள்விக்குத்தான் 1893ல் அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் விடை கண்டார்கள். அந்தக் காய்ச்சலைத் தரும் பேபீசியா கிருமி தாய் உண்ணியின் முட்டைக்குள் புகுந்து குஞ்சோடு அடுத்த மாட்டுக்குப் போகிறது. பூச்சி, உண்ணி வகையறா நோய் பரப்பும் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் அது ஒன்று. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் ஆராய்ச்சி அது.

ராஜி, மதுரை:
மேடம், டெங்கு கொசுவும் இப்படித்தானா? பக்கத்து வீட்டில் ஒருவருக்கு டெங்கு. அவரைக் கடித்த கொசு அடுத்த நிமிடமே என்னைக் கடித்தால் வந்துவிடுமா?

மருத்துவர் மலர் (கால்நடை):
வராதும்மா. கொசு ஊசி மாதிரி ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவதில்லை. வைரஸ் முதலில் கொசுவின் குடல் சுவர் செல்களில் பெருக வேண்டும், பிறகு அதை உடைத்துக்கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். பல கொசுக்கள் அதற்குள் செத்துவிடும். தப்பிய கொசு சாகும்வரை பரப்பும். ஆகவே அந்த வீட்டுக்காரர் காய்ச்சலில் இருக்கும்போது பகலிலும் கொசுவலைக்குள் இருப்பது உங்களுக்கும் நல்லது. அவரைக் கடிக்க முடியாவிட்டால் கொசுவுக்கு வைரஸ் கிடைக்காதே.

கோவில்பட்டி செல்வம்:
நன்றி மேடம். நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். நாய் படுக்கும் திண்ணைக்கு மேலே, நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசலில் கொத்துக்கொத்தாக இருக்கின்றன. ஒன்று மொச்சைக்கொட்டை அளவு, சாம்பல் நிறம். நசுக்கிவிடலாமா?

மருத்துவர் மலர் (கால்நடை):
விரலால் நசுக்காதீர்கள் சார், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். அது முட்டையிடப் போகும் பெண் உண்ணி, ஒன்றே ஆயிரக்கணக்கில் இடும். இதே நாயுண்ணி மனிதருக்கு வரும் வேறொரு காய்ச்சலையும் கடத்தும். நசுக்கும்போது வரும் நீர் கைக் கீறலில் பட்டால் அந்தக் கிருமி உள்ளே போகலாம். கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்தால், "வீட்டில் நாயுண்ணி இருக்கிறது" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். சுவருக்கு என்ன மருந்து அடிப்பது என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், மாட்டு மருந்தைக் கண்ணளவாகக் கலக்க வேண்டாம். முட்டையிலிருந்து முட்டை வரை இந்தச் சூட்டில் இரண்டு மாதம் போல ஆகும். ஆகையால் நாய்க்கு உண்ணி மாத்திரையை ஒரு தடவையோடு விடாமல், அடுத்த சில மாதங்களுக்கு அவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து கொடுங்கள். முடிந்தால் அந்தத் தெருநாய்க்கும் சேர்த்தே வாங்குங்கள்.