சென்னை–சேலம் சாலை: ஓட்டியவர்கள், நிலத்தில் கல் நடப்பட்டவர்கள்

ஆத்தூர்க்காரன்:

சென்னைக்கும் சேலத்துக்கும் நடுவே புதிதாக எட்டு வழிச்சாலை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. ஆனால் பதில் சொல்கிறவர்களில் எத்தனை பேர் உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் ராத்திரியில் வண்டி ஓட்டியிருப்பார்கள் என்பது சந்தேகம்தான். கட்சிக் கதையை விட்டுவிட்டு, அவரவர் பட்டதை மட்டும் எழுதினால் நன்றாக இருக்கும். நானே ஆரம்பிக்கிறேன்.

சென்னையில் வேலை, ஆத்தூரில் வீடு. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பினால் பெருங்களத்தூரிலேயே பாதிப் பொறுமை போய்விடும். வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், அப்புறம் பரனூர் சுங்கச்சாவடி. செங்கல்பட்டு தாண்டிவிட்டால் திண்டிவனம், விழுப்புரம் வரை பரவாயில்லை. உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் கூட்டம் சட்டென்று குறையும். நான்கு வழி, நடுவில் அரளிச்செடி. ஆள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவான். ஆபத்தே அங்கேதான்.

இந்த 135 கி.மீ. சாலையை நான்கு வழி என்று சொல்லித்தான் வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி என்று மூன்று இடத்தில் சுங்கம் வாங்க ஆரம்பித்தார்கள். ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று ஊர் வருகிற இடத்திலெல்லாம் புறவழிச்சாலையை இருவழியாகவே கட்டினார்கள். நூறு கி.மீ. வேகத்தில் வருகிறவனுக்கு நடுத்தடுப்பு திடீரென்று முடிந்துபோகும். எதிரே வருகிற விளக்கு அவன் பாதையிலேயே வரும். கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு சீசனில் கேட்கவே வேண்டாம். பின்விளக்கே இல்லாத டிராக்டர், அதை முந்த ஒரு ஆம்னி பஸ், அந்த பஸ்ஸை முந்த ஒரு கார். சின்னசேலம் புறவழியில் அப்படி முந்தி வந்த பஸ்ஸுக்கு வழிவிட நான் மண்ணில் இறக்கினேன். வலது பக்கக் கண்ணாடி போயிற்று. கண்ணாடியோடு போயிற்றே என்று அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார்.

இந்தப் புறவழிகளை அகலப்படுத்துங்கள் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2018 பிப்ரவரியில் வந்ததோ வேறு அறிவிப்பு. மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தில் சென்னை–சேலம் பசுமை வழிச்சாலை, அதாவது இந்த எட்டு வழிச்சாலை, 277 கி.மீ., 10,000 கோடி ரூபாய். ஆறு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். வரைபடத்தைப் பார்த்தேன். செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம், அரூர் என்று போய் அயோத்தியாப்பட்டணம் பக்கம் வந்து அரியானூரில் முடிகிறது. எங்கள் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சென்னை முனையில் வண்டலூர், படப்பைப் பக்கம்தான் தொடக்கம். அதாவது ஊருக்குள் இருந்து அங்கே போய்ச் சேரும் நெரிசல் அப்படியே இருக்கும். நடுவில் காலியாகக் கிடக்கிற தூரத்தை மட்டும் வேகமாகக் கடக்கலாம்.

புதுச் சாலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் நெரிகிறது, எந்த இடத்தில் சாகிறார்கள் என்று பார்த்துவிட்டு அங்கே முதலில் கைவைக்க வேண்டாமா?


சங்ககிரி லோடு:

தம்பி சொல்வது கார்க்காரர் கணக்கு. லாரிக் கணக்கு வேறு.

நான் முப்பது வருஷமாக இந்தத் தொழில். முதலில் ஓட்டினேன், இப்போது சொந்தமாக வண்டி வைத்திருக்கிறேன். சேலத்தில் லோடு ஏற்றி சென்னைக்கு அனுப்பினால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்களே, போய் என்ன செய்ய? பகலில் கனரக வண்டியை ஊருக்குள் விட மாட்டான். மதுரவாயல் பக்கமோ, செங்குன்றம் பக்கமோ ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ராத்திரி ஆகும்வரை டிரைவர் தூங்க வேண்டியதுதான். சீக்கிரம் போனால் சீக்கிரம் காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

எங்களுக்கு நேரத்தைவிட சுங்கமும் டீசலும்தான் பெரிது. புதுச் சாலையில் தூரம் குறைகிறது, அது லாபம். ஆனால் அந்த மாதிரி, சில இடங்களில் மட்டும் ஏறி இறங்க விடுகிற சாலையில் சுங்கம் எவ்வளவு வைப்பான்? அதிகம் என்றால் பாதி வண்டி பழைய வழியிலேயேதான் போகும். கிருஷ்ணகிரி, வேலூர் வழியில் லோடு இறக்கி ஏற்ற இடம் இருக்கிறது, தெரிந்த மெக்கானிக் இருக்கிறான், பஞ்சர் கடை இருக்கிறது. நடு ராத்திரியில் அரூர் காட்டுக்கு நடுவே ஆக்ஸில் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது?

இன்னொன்று. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. அங்கே எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது என்று எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிற டிரைவர் மேல் தப்பு இருக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் லோடு வண்டி அந்த இறக்கத்தில், அந்த வளைவில் என்ன ஆகும் என்று சாலை போட்டவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொப்பூரைச் சரிசெய்ய வருஷக்கணக்கில் கேட்டோம். அதற்குள் பத்தாயிரம் கோடியில் புதுச் சாலை வந்துவிட்டது, பேப்பரில்.


செவ்வாய்ப்பேட்டை:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அந்தச் சாலை வேண்டும். அப்பாவுக்கு சென்னையில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை. பரிசோதனைக்கு ஒவ்வொரு முறை கூட்டிப் போகும்போதும் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டும், அவரால் முடியாது. ரயில் டிக்கெட் நினைத்த நாளில் கிடைக்காது. சேலம் ஒரு பெரிய ஊர். ஜவ்வரிசி, கொலுசு, ஜவுளி என்று இத்தனை தொழில் இருக்கிறது. கோயம்புத்தூரும் ஈரோடும் நாமக்கல்லும் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போக வேண்டும். இருக்கிற இரண்டு வழியுமே சுற்று வழி. ஒன்று தெற்கே உளுந்தூர்பேட்டைக்கு இறங்குகிறது, இன்னொன்று வடக்கே கிருஷ்ணகிரிக்கு ஏறுகிறது. நேர்வழி ஒன்று இருந்தால் என்ன தப்பு? நிலம் போகாமல் எந்தச் சாலை வந்திருக்கிறது? ஆத்தூர்க்காரரின் புறவழிக்கும் யாரோ ஒருவர் நிலம் கொடுத்தவர்தானே.


செங்கம் பக்கம்:

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி, உங்கள் அப்பா நன்றாக இருக்கட்டும். கோபமெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்களுக்கு இரண்டரை ஏக்கர். மல்லாட்டையும் (நிலக்கடலை) நெல்லும். கிணறு நடுவில் இருக்கிறது. 2018 கோடையில் போலீஸ் துணையோடு அளக்க வந்தார்கள். எங்களுக்கு வீட்டுக்கு வந்த தாள் எதுவும் இல்லை. பேப்பரில் சர்வே எண் வந்திருக்கிறது என்று பக்கத்துக் கழனிக்காரர் வந்து சொன்னார். கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல். சாலை வந்தால் கிணறு போய்விடும், இரண்டு ஓரத்திலும் துண்டு துண்டாக நிலம் மிஞ்சும். மிஞ்சியதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை கி.மீ. சுற்ற வேண்டும்? கல் நட்டவர்களிடம் கேட்டேன். அது எங்கள் வேலை இல்லையம்மா என்றார்கள். உண்மைதான், அவர்கள் வேலை கல் நடுவது.

எங்கள் ஊர் வழியாகச் சாலை போகும், ஆனால் அதில் நாங்கள் ஏற முடியாது. ஏறுகிற இடம் எங்கோ இருக்கும். மல்லாட்டை மூட்டையைத் திருவண்ணாமலை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக நாங்கள் நம்பியிருப்பது திண்டிவனம்–கிருஷ்ணகிரி சாலை. அந்த வேலையை ஆரம்பித்துவிட்டு வருஷக்கணக்கில் அரைகுறையாகப் போட்டிருந்தார்கள். பெயர்த்த இடம் பெயர்த்தபடி, பாதிப் பாலம் பாதிப் பாலமாகவே நின்றது. அதில் போன பிள்ளைத்தாய்ச்சிகளைக் கேளுங்கள் சாலை என்றால் என்ன என்று.

பணம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். கணக்குப் பார்த்தோம். பத்திரப்பதிவுக்காக நிலத்துக்கு அரசு வைக்கிற வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள். பத்திரம் எல்லோரும் அந்த மதிப்பில்தான் போட்டார்கள், கைமாறிய பணம் வேறு. பத்திரத்தில் இருக்கிற தொகையை வைத்துத்தான் இழப்பீடு. அதன் மேல் இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை போட்டாலும், பக்கத்து ஊரில் அதே அளவு நிலத்தை, கிணற்றோடு வாங்க முடியாது.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தபோது ஊரில் வெடி வெடித்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. அன்றைக்கு யாரும் வெளியே வரவில்லை. அதற்கு நடுவில் நடந்ததைத்தான் யாரும் எழுதுவதில்லை. அந்த சர்வே எண்ணில் இருக்கிற நிலத்தை யாரும் வாங்க மாட்டார்கள். கடன் கேட்டுப் போன இடத்தில், உங்கள் எண் பட்டியலில் இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு துண்டை விற்கலாம் என்று வைத்திருந்தோம், நகையை அடகு வைத்துத்தான் முடித்தோம். சாலை வரவில்லை, நிலமும் கைக்கு வரவில்லை.


ஓய்வுபெற்ற சர்வேயர்:

அம்மா எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இந்தத் திட்டத்தில் வேலை செய்யவில்லை, வேறு புறவழிகளுக்கு நிலம் அளந்திருக்கிறேன்.

சாலைக் கோடு முதலில் கணினியில்தான் விழுகிறது. ஊர், ஏரி, காடு, கோயில் எல்லாவற்றையும் தவிர்க்கப் பார்ப்பார்கள். தவிர்த்துத் தவிர்த்துக் கடைசியில் கோடு விழும் இடம் பயிர் நிலம். வீடு இடித்தால் கூட்டம் கூடும், கழனி போனால் ஒருத்தர்தான் அழுவார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. புலப்படத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் களத்துக்குப் போகும்போது கோடு ஏறக்குறைய முடிவாகியிருக்கும். கிணறு இருக்கிறது, பத்து மீட்டர் தள்ளலாமா என்று நாங்கள் குறிப்பு எழுதினால் சில சமயம் நடக்கும். ஆனால் வேகச் சாலையில் வளைவு பெரிதாக இருக்க வேண்டும். இங்கே பத்து மீட்டர் தள்ளினால் அடுத்த ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் போய் விழும்.

சட்டமும் அப்படித்தான். 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு, ஊர்க்காரர்களைக் கேட்டாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ன் கீழ் எடுத்தால் அது கிடையாது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டப்படி. 3ஏ அறிவிக்கை, அதாவது இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்ற முதல் அறிவிப்பு, வந்த பிறகு ஆட்சேபம் சொல்ல 21 நாள். ஆட்சேபத்தை விசாரிக்கிற அதிகாரி சாலைக் கோட்டை மாற்றக்கூடியவர் இல்லை. பெரும்பாலும் ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொள்வார், அவ்வளவுதான். ஆகவே எந்த வழி என்ற விவாதம் ஊருக்கு வரும்போது முடிந்துபோன விவாதம். ஆத்தூர்க்காரர் கேட்கிற கேள்வி, அதாவது புறவழியை அகலப்படுத்தலாமா, தொப்பூரைச் சரிசெய்யலாமா, இல்லை புதுக் கோடா என்பது, திட்ட அறிக்கை எழுதுவதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டியது. அந்தக் கட்டத்தில் ஊர்க்காரர் யாரும் அறையில் இருக்க மாட்டார்.

அம்மாவுக்கு இரண்டு விஷயம். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி அறிவிப்பு, அதாவது நிலத்தை எடுத்துவிட்டோம் என்ற அறிவிப்பு, வராவிட்டால் 3ஏ காலாவதி ஆகிவிடும். நீதிமன்றத் தடை இருந்த நாட்களை மட்டும் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். இன்னொன்று, 3டி வருவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியிருந்தால் அதைத் திரும்ப நிலக்காரர் பெயருக்கே மாற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பட்டா, அடங்கல் (சாகுபடிப் பதிவேடு) இரண்டையும் புதிதாக எடுத்து உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டு வட்டாட்சியரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


செங்கம் பக்கம்:

நன்றி சார். பட்டா மாமனார் பெயரிலேயே இருக்கிறது, அடங்கல் இன்னும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை போகிறேன். மனு எழுதத் தெரியாது, ஒரு மாதிரி எழுதிப் போட்டீர்கள் என்றால் எங்கள் ஊரில் இன்னும் நாலு பேருக்கு உதவும்.


ஆத்தூர்க்காரன்:

சார், அப்படியே எங்கள் புறவழிகளுக்கும் ஒரு மாதிரி மனு எழுதிப் போடுங்கள். சங்ககிரி அண்ணனைத் தொப்பூருக்குக் கையெழுத்து போடச் சொல்கிறேன்.


சங்ககிரி லோடு:

கையெழுத்துதானே, எங்கள் சங்கத்திலேயே இருநூறு வாங்கித் தருகிறேன். முதலில் அந்த அம்மாவுடையதை எழுதுங்கள்.