ஒரே காலத்தில் இரண்டு இசைக்குழுக்கள்: சுபின் மேத்தாவின் பதவிகள் குறித்து

கேள்வி:
வணக்கம். பம்பாயில் 1936-இல் பிறந்து, வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்ற மேற்கத்திய இசைக்குழு நடத்துநர் சுபின் மேத்தா, 1961 முதல் 1967 வரை மொன்றியல் சிம்பொனியிலும், 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கிலும் இசை இயக்குநராக இருந்ததாகப் படித்தேன். கண்டத்தின் இரு கோடிகளில் இருக்கும் இரண்டு குழுக்களை ஒருவரே எவ்வாறு நடத்த இயலும்? அவர் வகித்தவற்றுள் முதன்மையான பதவி எது?

பதில் 1:
இசை இயக்குநர் ஆண்டு முழுவதும் மேடையேறுவதில்லை. கச்சேரிப் பருவத்தின் சில வாரங்களைத் தாமே நடத்திவிட்டு, எஞ்சியவற்றை விருந்தினராக வரும் நடத்துநர்களிடம் விடுவதே வழக்கம் என்பதால், இரண்டு குழுக்களுக்கும் நாள்களைப் பகிர்ந்தளிக்க முடிகிறது. ஆனால் எந்தப் படைப்புகளை இசைப்பது, காலியாகும் இடத்தில் எந்தக் கலைஞரை அமர்த்துவது என்பன போன்ற முடிவுகளில் அவருடைய சொல்லுக்கு எப்போதும் எடை உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் மேத்தாவுக்கு வழி பிறந்ததே இந்த உரிமையை ஒட்டிய பூசலால்தான். அங்கே இசை இயக்குநராக நியமிக்கப்பட்டிருந்த ஜார்ஜ் சோல்ட்டி, தம்மைக் கலந்துகொள்ளாமலேயே நிர்வாகத்தினர் மேத்தாவைத் துணை நடத்துநராக அமர்த்தியதை ஏற்காமல், பொறுப்பேற்பதற்கு முன்பே விலகிவிட்டார்.

பதில் 2:
முதன்மையான பதவி இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கில் வகித்ததுதான் என்பேன். 1969-இல் இசை ஆலோசகராகி, 1977-இல் இசை இயக்குநராகி, 1981-இல் வாழ்நாள் இயக்குநர் என அறிவிக்கப்பட்டு, 2019-இல் ஓய்வுபெறும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அக்குழுவோடு அவர் பிணைந்திருந்தார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் 1978 முதல் 1991 வரை 13 ஆண்டுகள் இருந்ததும், 1985 முதல் 2017 வரை இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் நடக்கும் மாஜ்ஜோ மூசிக்காலே இசை விழாவுக்குத் தலைமை நடத்துநராக இருந்ததும் இந்த நீண்ட உறவுக்கு இடையேதான். ஆகவே எண்பதுகளின் பிற்பகுதியில் அவரிடம் இருந்தவை இரண்டல்ல, மூன்று பொறுப்புகள்.

பதில் 3:
ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து முதன்மையை முடிவுசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை. இருபத்தாறு வயதில் பொறுப்பேற்ற லாஸ் ஏஞ்சலஸில், 1964-இல் திறக்கப்பட்ட டாரத்தி சேண்ட்லர் அரங்கின் தொடக்க நிகழ்ச்சியை நடத்தி, டெக்கா நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளால் அக்குழுவின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றவர் அவர். நியூயார்க்கில் விமர்சகர்கள் அவரிடம் அவ்வளவு கனிவு காட்டவில்லை. ஆயினும் ரவிசங்கரின் இரண்டாம் சிதார் கான்செர்ட்டோ (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து இசைக்கும் படைப்பு) 1981-இலும், நம் எல். சுப்பிரமணியத்தின் வயலின் படைப்பொன்று 1985-இலும் முதன்முதலாக ஒலித்தது அவர் நடத்திய அந்த மேடையில்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பதில் 4:
மியூனிக் விடுபட்டுவிட்டது. 1998 முதல் 2006 வரை அந்த ஜெர்மானிய நகரில் உள்ள பவேரிய அரசு ஓப்பராவின் (இசை நாடக நிறுவனத்தின்) இசை இயக்குநராக இருந்த அவர், அதன் இசைக்குழுவோடு சென்னைக்கும் வந்திருக்கிறார். ஆழிப்பேரலையின் முதலாம் ஆண்டு நினைவாக, 2005 டிசம்பர் 26 அன்று, மியூசிக் அகாதெமியில் அந்த நிகழ்ச்சி நடைபெற்றது.