முதல் நாவல்: பதிப்பகம் 45,000 ரூபாய் கேட்கிறது, கட்டலாமா?

தாழைமடல்:
நாவல் முடிந்துவிட்டது. 42,000 சொல், வேர்டில் யூனிகோடில் இருக்கிறது. ஒரு பதிப்பகம் 300 பிரதிக்கு 45,000 கட்டச் சொல்கிறது. 200 பக்கம், விலை 250 என்கிறார்கள். ஒப்பந்தம் ஒரே தாள்தான். பணம் கட்டாமல் வெளிவர வழி உண்டா? சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்தால் நல்லது.

அரைஃபாரம்:
கடைக்காரருக்கு விடும் கழிவு 40 சதவீதம் என்று வையுங்கள். 250இல் கைக்கு வருவது 150. முந்நூறும் விற்றால்தான் போட்ட 45,000 திரும்பும். பத்துப் பிரதி பரணுக்குப் போனாலும் நஷ்டம். அதுவும் விற்ற பணம் உங்களுக்கே வந்தால். 'ராயல்டி 10 சதவீதம்' என்று எழுதியிருந்தால் பிரதிக்கு 25 ரூபாய், முந்நூறுக்கு 7,500. காசையும் கொடுத்து ஏழரையையும் வாங்குவானேன்?

பணம் கேட்காத பதிப்பகங்கள் இருக்கின்றன. முதல் நூலுக்கு ராயல்டிக்குப் பதிலாகச் சில பிரதிகள் மட்டும் தருகிறவர்களும் உண்டு. அதில் பெருமையில்லை, ஆனால் கைக்காசு போகாது. யாருக்கு அனுப்புவது என்பதை அவர்களுடைய விலைப்பட்டியலே சொல்லும்: கடந்த இரண்டு வருடத்தில் புதியவர்களின் நாவல் எதுவும் போடாத இடத்துக்கு அனுப்பிப் பயனில்லை.

காட்சி பொங்கலை ஒட்டி ஜனவரியில். அக்டோபருக்கு மேல் எல்லாரும் அச்சகமே கதியென்று கிடப்பார்கள், புதுப் பிரதியை யார் படிப்பது? பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் அனுப்புங்கள். முழுப் பிரதி, முடிவையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பக்கக் கதைச்சுருக்கம், இதழ்களில் ஏதாவது வந்திருந்தால் அந்த விவரம், இவ்வளவு போதும். அணிந்துரை இப்போது வேண்டாம். மூன்று மாதம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல்.

சந்திப்பிழை:
அனுப்புமுன் ஃபைலைச் சுத்தம் செய்யுங்கள். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர', 'கௌ'வில் 'ள' என்று கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதைத் தட்டியிருப்போம். எழுத்துரு மாறியதும் பல்லிளிக்கும். வடிவமைப்பவர் இன்னும் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். அதற்கு மாற்றும்போது இடையில் இருக்கும் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடாகவே செய்தாலும் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆகவே வேர்டில் பார்த்ததே போதும் என்று விடாதீர்கள். பக்கம் கட்டிய பிடிஎஃப்பில் இன்னொரு மெய்ப்பு, அதாவது பிழைதிருத்தம், கட்டாயம், முடிந்தால் வேறொருவர் கண்ணால். ஒற்று மிகும் மிகா இடங்கள் எழுதியவர் கண்ணுக்கு அகப்படவே அகப்படாது.

பக்கக் கணக்கையும் கேளுங்கள். ஃபாரம் என்பது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி. ஃபாரத்துக்கு 16 பக்கம் என்றால் 200 என்பது பன்னிரண்டரை ஃபாரம். 192 அல்லது 208 ஆக்கினால் அரை ஃபாரத் தொல்லை இல்லை.

தாழைமடல்:
நன்றி. ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று இருக்கிறது. கால அளவு எதுவும் இல்லை.

கன்னிமாராப்படி:
அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19இன்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதி. சட்டம் இருக்கிறதே என்று சும்மா இருக்காமல் அச்சுநூல் உரிமை மட்டும், மூன்று ஆண்டு, இத்தனை பிரதி என்று எழுதி வாங்குங்கள். மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை உங்களிடமே இருக்கட்டும்.

நூலுக்கான சர்வதேச அடையாள எண்தான் ஐஎஸ்பிஎன். 'ஐஎஸ்பிஎன் கட்டணம்' என்று தனியாகக் கேட்டால் காரணம் கேளுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. நீங்களே வெளியிட்டாலும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அப்போது கொல்கத்தா தேசிய நூலகம், நம் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு 30 நாளில் பிரதி அனுப்புவதும் உங்கள் பொறுப்பு.

அரைஃபாரம்:
இன்னொன்று. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் இப்போதே ஏற்றிவிடாதீர்கள். அதில் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் தர முடியாது. ஏற்கெனவே மின்னூலாக வந்ததை எடுக்கத் தயங்கும் பதிப்பாளர்களும் உண்டு.