மேக்சிமைஸ் செய்தாலும் ஈமேக்ஸ் திரை முழுக்க நிரம்பவில்லை, உதவி தேவை

ஏற்காடு:
வணக்கம். லினக்ஸ் மின்ட், 1366க்கு 768 திரை உள்ள லேப்டாப். எங்கள் காபித் தோட்டத்தின் பறிப்புக் கணக்கை ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் டேபிள் போட்டு வைத்திருக்கிறேன். விண்டோவை மேக்சிமைஸ் செய்தால் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை விட்டுப்போகிறது, பின்னால் இருக்கும் வால்பேப்பர் தெரிகிறது. எஃப் 11 அழுத்தி ஃபுல்ஸ்கிரீன் போனாலும் அதே கதை.

சாயங்காலம் எடை போட்டு முடித்ததும் அப்பாதான் கணக்கு ஏற்றுவார். மவுஸ் தவறி அந்தப் பட்டையில் கிளிக் ஆகிவிட்டால் டைப் செய்வது எதுவும் ஈமேக்ஸுக்குப் போகாது. அவர் நோட்டைப் பார்த்தே அடிப்பவர். ஐந்தாறு பேர் கணக்கை அடித்துவிட்டு நிமிர்ந்தால் ஒன்றும் ஏறியிருக்காது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் ஒரு கடையில் காட்டினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாகப் போடச் சொன்னார்கள்.

சேலம், அம்மாபேட்டை:
அழிக்க வேண்டாங்க, பொறுங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் டீஃபால்ட் ஃபாண்ட்டின் அளவை ஒன்று கூட்டிப் பாருங்கள். பட்டை மாறுகிறதா?

ஏற்காடு:
மாறுகிறது அண்ணா! ஒன்று கூட்டினால் காணவே இல்லை. இன்னும் ஒன்று கூட்டினால் திரும்ப வருகிறது.

சேலம், அம்மாபேட்டை:
அப்போது இதுதான். ஈமேக்ஸ் தன் விண்டோவை எழுத்துக் கட்டக் கணக்கில்தான் அளக்கும், அரை வரி வைத்துக்கொள்ளாது. உதாரணத்துக்கு, உயரம் 700 பிக்சல், ஒரு வரி 27 பிக்சல் என்றால் 25 வரிக்கு 675 போகும், மீதி 25 பட்டையாக நிற்கும். வரி 28 ஆனால் 25 வரியில் 700 சரியாக முடிந்துவிடும். அகலத்திலும் இதே கணக்குதான்.

ஆல்ட் எக்ஸ் அழுத்தி, கஸ்டமைஸ்-வேரியபிள் என்று கொடுத்து, ஃபிரேம்-ரீசைஸ்-பிக்சல்வைஸ் என்பதை (எழுத்துக் கட்டத்துக்குப் பதில் பிக்சல் கணக்கில் விண்டோவை அளக்க வைக்கும் செட்டிங்) திறந்து டாகிள் பட்டனால் ஆன் செய்து சேமியுங்கள். 2014-இல் வந்த 24.4 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. அப்புறம் விண்டோவை ஒருமுறை சுருக்கி, மறுபடி மேக்சிமைஸ் செய்யுங்கள்.

ஏற்காடு:
பட்டை போய்விட்டது அண்ணா. ஆனால் மூடித் திறந்தால் மறுபடி வருகிறது. திறக்கும்போதே மேக்சிமைஸ் ஆகும்படி இயர்லி-இனிட் என்ற செட்டிங்ஸ் ஃபைலில் போட்டிருக்கிறேன்.

சேலம், அம்மாபேட்டை:
அங்கேதான் சிக்கல். இயர்லி-இனிட் விண்டோ வருவதற்கு முன்பே படிக்கப்படும். நீங்கள் சேமித்தது சாதாரண இனிட் ஃபைலில் இருக்கிறது, அது பிறகுதான் படிக்கப்படும். பிக்சல்வைஸ் வரியையும் இயர்லி-இனிட்டில், மேக்சிமைஸ் வரிக்கு மேலே எழுதுங்கள். 27.1-க்கு முந்தைய ஈமேக்ஸ் அந்த ஃபைலைப் படிக்காது, உங்களுடையது படிக்கிறது என்பதால் பிரச்சினை இல்லை.

ஏற்காடு:
நான்கு முறை மூடித் திறந்து பார்த்துவிட்டேன், பட்டை வரவில்லை. எழுத்தை அப்பாவின் கண்ணுக்கு ஏற்ற பழைய அளவுக்கே வைத்துவிட்டேன். இன்றைக்கு 14 பேர் கணக்கையும் ஒரே மூச்சில் ஏற்றினார். ரொம்ப நன்றி அண்ணா.