பிரசவத்தப்போ துணைக்கு ஆள் வேணும்னு கேட்டா டாக்டருக்கு ஏன் கோவம் வருது?

முப்பத்திரண்டாவதுவாரம்:
எனக்கு முதல் குழந்தை. வலி வந்ததும் வீட்டுக்காரர் கூட இருக்கலாமா, நடக்க விடுவீங்களா, பிறப்புறுப்பு வாசல்ல வெட்டித் தையல் போடாம பாக்க முடியுமான்னு மூணே மூணு விஷயம் எழுதிக் கொண்டுபோனேன். டாக்டரம்மா படிக்காமலே மடிச்சு ஃபைலுக்குள்ள சொருகிட்டு "நெட்ல படிச்சதெல்லாம் இங்க வேணாம்மா"ன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதுட்டேன். நான் கேட்டது தப்பா?

லேபர்வார்டு_நர்ஸ்:
தப்பே இல்லம்மா. 2018ல உலக சுகாதார நிறுவனம் கொடுத்த பரிந்துரைல இந்த மூணுமே இருக்கு. விரும்பின ஆள் கூட இருக்கணும், ரிஸ்க் இல்லன்னா நடமாட விடணும், வர்றவங்க எல்லாருக்கும் வழக்கமா வெட்டக்கூடாது. வயித்த அமுக்கித் தள்றதும் கூடாது. கட்டில் கம்பியப் பிடிச்சு கத்திக்கிட்டிருந்த பொண்ணு, அவ அம்மா உள்ள வந்து இடுப்ப நீவிவிட்டதும் மூச்ச நிதானமா விட ஆரம்பிச்சத நானே பாத்திருக்கேன்.

மகப்பேறு_டாக்டர்:
எங்க பக்கமும் சொல்றேன். கர்ப்பப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. திறக்கலன்னா உடனே வலிய வேகப்படுத்த டிரிப் போடுன்னுதான் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாங்க, இப்போ 5 செ.மீ. வந்தப்புறம்தான் வலி முழுசா சூடுபிடிக்குது, தாயும் சேயும் நல்லா இருந்தா மெதுவா போறது மட்டும் டிரிப் போடக் காரணமாகாதுன்னு அதே 2018 பரிந்துரை சொல்லுது, ஆனா பழகின கை சீக்கிரம் மாறாது. ஏதாவது ஆயிட்டா பழி நம்ம மேலதானேங்கற பயம் வேற. ஒரே ரூம்ல நாலு கட்டில், நடுவுல ஒரு திரைகூட இல்லன்னா ஆம்பளைய எப்படி உள்ள விடறது? இதெல்லாம் உண்மையான சிக்கல்தான், ஆனா அத உங்ககிட்ட உக்காந்து சொல்லியிருக்கணும், பேப்பர மடிச்சது தப்பு. நானும் "கத்தாத"ன்னு அதட்டியிருக்கேன், இன்னும் மனசுல உறுத்துது. அடுத்த தடவ "வெட்டாதீங்க"ன்னு ஆரம்பிக்காம "எந்த நிலைமைல வெட்டுவீங்க, முன்னாடியே சொல்வீங்களா"ன்னு கேளுங்க. வீட்டுக்காரர விட முடியலன்னா அம்மாவயோ அக்காவயோ விடச் சொல்லுங்க.

ரெண்டுபிள்ளைஅம்மா:
மொத பிரசவத்துல வெட்டினதே தையல் போடும்போதுதான் சிஸ் எனக்குத் தெரியும். ரெண்டாவதுக்கு வேற டாக்டர், ஒவ்வொரு தடவையும் "உள்ள செக் பண்ணப்போறேன், கை வைக்கட்டுமா"ன்னு கேட்டுட்டுதான் தொட்டாங்க. வலி என்னவோ அதே வலிதான், ஆனா பயம் இல்ல. பதில் சரியா வரலன்னா இப்பவே வேற டாக்டரப் பாருங்க, இன்னும் நாள் இருக்கு.

முப்பத்திரண்டாவதுவாரம்:
ரொம்ப நன்றிக்கா, டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும் நன்றி. வியாழக்கிழமை செக்கப், அவரையும் கூட்டிட்டுப் போய் டாக்டர் சொன்ன மாதிரியே கேக்கறேன்.