அம்மாவுக்கு மூணு டாக்டர் மாத்திரை, எல்லாத்தையும் ஒண்ணா போடலாமா?

பாபநாசம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவுக்கு 66 வயசு, சுகர், பிரஷர், தைராய்டு மூணும் இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க. நடுவுல நெஞ்சு படபடங்குதுன்னு தஞ்சாவூர்ல ஒரு ஹார்ட் டாக்டர்கிட்ட காமிச்சோம், அவர் பிரஷருக்கு டெல்மா ஏஎம், சுகருக்கு கிளைகோமெட் ஜிபி 1, ரத்தம் கட்டாம இருக்க எகோஸ்ப்ரின் 75, ராத்திரிக்கு கொழுப்பு மாத்திரை அட்டோர்வா எழுதினார். இப்ப முட்டிவலின்னு கும்பகோணத்துல எலும்பு டாக்டர்கிட்ட போனதுல வலிக்கு ஜீரோடால் பி, கால்சியம், கேஸுக்கு பேன் 40. தைராய்டுக்கு தைரோநார்ம் 50 ரொம்ப வருஷமா ஓடுது.

அம்மா காலையில காபி குடிச்ச கையோட எல்லாத்தையும் உள்ளங்கையில கொட்டி ஒரே மடக்குல போட்டுர்றாங்க, கேட்டா "எல்லாம் டாக்டர் குடுத்ததுதானடா, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே"ங்கறாங்க. ரெண்டு வாரமா சாயங்காலம் ஆனா கால் வீங்குது, கொலுசு இறுகுதாம். 11 மணிவாக்குல கை நடுங்கி தலை சுத்துதுன்னு வேற சொல்றாங்க. நான் திருப்பூர்ல வேலை பாக்குறேன், வாராவாரம் வர முடியல. ஒவ்வொரு மாத்திரைக்கும் அரை மணி நேரம் கேப் விட்டா சரியாப்போயிருமா?

வயக்காட்டு_மாமா:
தம்பி பயப்படாதீங்க, எங்கப்பா ஒரு கைப்பிடி மாத்திரை போட்டுக்கிட்டு இன்னமும் வயல் வரப்புல நடக்குறாரு. கால் வீக்கத்துக்கு பிரஷர் மாத்திரைய ரெண்டு நாள் நிறுத்திப் பாருங்க, வடிஞ்சிரும். முட்டிக்கு முடக்கத்தான், சளி கிளி இருந்தா அதிமதுரம் போட்டு தினம் கஷாயம் வச்சுக் குடுங்க, இங்கிலீஷ் மருந்தை மெதுவா குறைச்சிரலாம்.

குடந்தை_மெடிக்கல்:
மாமா மன்னிக்கணும், நிறுத்திப் பாக்கற வேலை மட்டும் வேண்டாம். அதிமதுரத்தை தினம் குடிச்சா பிரஷர் ஏறும், ஒடம்புல பொட்டாசியம் இறங்கும், பிரஷர்காரங்களுக்கு ஆகவே ஆகாது.

தம்பி, கேப்பை அப்புறம் பாக்கலாம், மொதல்ல ஒரே மருந்து ரெண்டு பேர்ல உள்ள போகுதான்னு பாருங்க. நான் கவுண்டர்ல அடிக்கடி பாக்கறது இதைத்தான். டெல்மா ஏஎம்ல அந்த "ஏஎம்" அம்லோடிபின் 5ங்கற பிரஷர் மருந்து. கவர்ன்மெண்ட்ல பிரஷருக்கு நெறைய பேருக்கு குடுக்கறதும் அம்லோடிபின்தான். ரெண்டும் சேந்தா 10 ஆயிரும், அம்லோடிபின் டோஸ் ஏற ஏற கணுக்கால் வீங்கறது சகஜம். கிளைகோமெட் ஜிபி 1 கதையும் இதேதான், உள்ள மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் இருக்கு, வீட்டுக்கு வர்ற மாத்திரையில மறுபடி மெட்ஃபார்மின் இருக்கலாம், கிளிமிபிரைடு மாதிரியே சுகரை இறக்கற கிளிபிசைடும் இருந்துச்சுன்னா சுகர் டமால்னு இறங்கும். அந்த 11 மணி நடுக்கம் எனக்கு அப்படித்தான் தோணுது. தலை சுத்தற நேரத்துல யாராவது விரல்ல குத்தி சுகர் பாக்கணும், 70க்கு கீழ இருந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலந்து குடுங்க, கால்மணி கழிச்சு திரும்பப் பாத்துட்டு சாப்பாடு.

ஸ்ட்ரிப்ல கம்பெனி வச்ச பேரு வேற, உள்ள இருக்கற மருந்தோட பேரு வேற, ரெண்டும் எழுதியிருக்கும், மருந்தோட பேரைப் பாருங்க. ஸ்ட்ரிப்பை வெட்டி வாங்கும்போது பேர் இருக்கற துண்டு கடையிலயே தங்கிரும், அதனால முழு ஸ்ட்ரிப்பா கேளுங்க.

மன்னார்குடி_அக்கா:
நான் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ. தம்பி, எனக்கு ஜீரோடால் பிதான் ரொம்ப உறுத்துது. டெல்மா ஏஎம்ல இருக்கற டெல்மிசார்டன் போடறவங்களுக்கு, ஜீரோடால் பில இருக்கற அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை நாள்கணக்குல போனா கிட்னிக்கு கெடுதல், பிரஷரையும் ஏத்தும், கால்வீக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், கூட எகோஸ்ப்ரின் வேற இருக்கறதால வயித்துல ரத்தக்கசிவு வரலாம். வெளிக்கு கருப்பா தார் மாதிரி போகுதான்னு கேளுங்க, கூச்சப்படுவாங்க, இருந்தாலும் கேளுங்க. அந்த மாத்திரையில பாராசிட்டமால் ஏற்கனவே இருக்கு, அதுக்கு மேல ஜுரம்னு டோலோ 650 போட்டுறப் போறாங்க, அதுவும் பாராசிட்டமால்தான். எலும்பு டாக்டருக்கு அம்மா ஹார்ட் மாத்திரை போடறது தெரியுமா? சொன்னீங்களா?

விரதம் இருக்காங்களா அம்மா? எங்க பக்கம் ஏகாதசி, ஆடி வெள்ளின்னு வயித்தக் காயப்போட்டுட்டு சுகர் மாத்திரைய மட்டும் மறக்காம போடுவாங்க. சாப்பிடாத அன்னைக்கு அந்த கிளிமிபிரைடு என்ன செய்யணும்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கணும்.

பாபநாசம்_பையன்:
அக்கா, சார், ரொம்ப நன்றி. வீடியோ கால்ல பக்கத்து வீட்டு தங்கச்சிய வச்சு ஸ்ட்ரிப்பெல்லாம் திருப்பிப் பாத்தேன். சார் சொன்னதேதான், வீட்டுக்கு வர்ற மாத்திரையில அம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500, கிளிபிசைடு 5. எலும்பு டாக்டர்கிட்ட ஹார்ட் சீட்டு காமிக்கவே இல்லையாம், அவர் முட்டியத்தானே பாத்தாருன்னு கேக்கறாங்க. கருப்பா எல்லாம் போகலையாம். இன்னொன்னு, பெரிய மாத்திரையா இருக்குன்னு கிளைகோமெட்டை பொடிச்சுப் போடறாங்க, அது பரவாயில்லையா? தைராய்டு மாத்திரை எப்ப போடணும்?

குடந்தை_மெடிக்கல்:
பொடிக்கவே கூடாது தம்பி, அது நாள்பூரா மெதுவா கரையற மாத்திரை, பொடிச்சா மொத்தமும் ஒரேயடியா எறங்கிரும். முழுங்க கஷ்டமா இருந்தா டாக்டர்கிட்ட சொன்னா வேற மாதிரி எழுதுவார்.

தைரோநார்ம் எந்திரிச்சதும் வெறும் வயித்துல தண்ணியில மட்டும். டிகிரி காபி அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும், கும்பகோணத்துக்காரன் சொல்றேன், எனக்கே இது கஷ்டமாத்தான் இருக்கு. கால்சியம் தைராய்டு மாத்திரைய ஒடம்புல சேர விடாது, நாலு மணி நேரமாவது தள்ளி மத்தியான சாப்பாட்டோட போடச் சொல்லுங்க. பேன் 40 டிபனுக்கு அரை மணி முன்னாடி. நீங்க கேட்ட கேப் இந்த மாதிரி சிலதுக்குத்தான் வேணும், மத்ததுக்கு கேப் விடறதால பெருசா ஒண்ணும் மாறாது.

டபுளா போறதுல எதை நிறுத்தறதுன்னு நீங்களோ நானோ முடிவு பண்ண வேண்டாம். ஹார்ட் டாக்டர் கிளினிக்குக்கு இன்னைக்கே போன் போட்டு, இந்த மாதிரி ரெண்டு தடவ போகுது, சுகர் இறங்குதுன்னு சொல்லுங்க, நாளைக்கு காலை டோஸுக்கு என்ன பண்ணணும்னு அப்பவே கேட்டுருங்க. எகோஸ்ப்ரினை யாரு சொல்லியும் நீங்களா நிறுத்திராதீங்க.

மன்னார்குடி_அக்கா:
நேர்ல போறப்ப சீட்ட மட்டும் கொண்டு போகாதீங்க. வீட்ல இருக்கற அத்தனை மாத்திரை, கஷாயப்பொடி, சத்து டானிக் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு டேபிள்ல கொட்டுங்க, கிட்னி எப்படி இருக்குன்னு தெரிய ரத்தத்துல கிரியாட்டினின், கூட பொட்டாசியமும் பாக்கணுமான்னு கேளுங்க. அதுக்குள்ள படுத்தா மூச்சு வாங்குது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குதுன்னா அப்பாயின்ட்மென்ட் பாக்காம பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, வண்டி இல்லன்னா 108. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்ற பொண்ணுகிட்டயும் தஞ்சாவூர் சீட்டை காமிச்சுருங்க தம்பி, அடுத்த தடவ அதப் பாத்துட்டு குடுப்பாங்க.